பிறைக்குச் சாட்சி கேட்கிறோம், செய்திக்கு?





அன்பிற்குரிய சகோதரர்களே, சகோதரிகளே!

ஷஅபான் பிறை 29 அன்று மஃரிபுக்குப் பிறகு நம் வீடுகளில் நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் மொட்டை மாடியில் நிற்பார்கள். அடையாறில் இருப்பவர் மயிலாப்பூரில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டு, "பிறை தெரிஞ்சுதா?" என்று கேட்பார். தி.நகரில் கடை வைத்திருப்பவர் வாடிக்கையாளருக்குத் துணியைக் கிழித்துக்கொண்டே ஒரு கண்ணைச் செல்போனில் வைத்திருப்பார். யாராவது ஒருவர், "எங்கேயோ பாத்துட்டாங்களாம்" என்று சொன்னால் உடனே நாம் தராவீஹுக்கு எழுந்து நிற்பதில்லை. யார் பார்த்தது? எந்த ஊரில்? எத்தனை பேர்? அந்த ஊர் ஜமாஅத்தில் சாட்சி சொன்னார்களா? தலைமை காஜி அறிவித்துவிட்டாரா? இத்தனையும் கேட்ட பிறகுதான் ஸஹருக்கு அலாரம் வைக்கிறோம்.

இது நமக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பழக்கம். ஒரு கிராமத்து அரபி வந்து, பிறையைக் கண்டேன் என்றார். அல்லாஹ்வைத் தவிர வணக்கத்திற்குரியவன் இல்லை என்றும், முஹம்மது அவனது தூதர் என்றும் சாட்சி சொல்கிறீரா என்று அவரிடம் கேட்டு, அவர் ஆம் என்ற பிறகே, நோன்பை மக்களுக்கு அறிவிக்கும்படி பிலால் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். (நூல்கள்: அபூதாவூத், திர்மிதி). செய்தி கொண்டு வந்தவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் செய்தியை வெளியே விட்டார்கள்.

பிறை இரவில் ஐந்து கேள்வி கேட்ட அதே கை, மறுநாள் காலையில் வரும் ஒரு வீடியோவை முழுதாகக்கூடப் பார்க்காமல் எட்டுக் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறது. இதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அறிமுகம் இல்லாதவர்களிடம் இணையத்தில் உதவி கேட்பதோ, ஆலோசனை கேட்பதோ தவறான காரியம் இல்லை. தெரியாவிட்டால் அறிவுடையோரிடம் கேளுங்கள் என்ற கட்டளை குர்ஆனில் இரண்டு இடங்களில் வருகிறது (16:43, 21:7). கேட்காமல் வெட்கப்பட்டு இருப்பதுதான் பல வீடுகளில் பிரச்சினை. எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், முதியோருக்கு வீட்டுக்கு வந்து பிஸியோதெரபி கொடுப்பவர் யாராவது இருக்கிறார்களா, இந்த ஏரியாவில் நமக்கு வாடகைக்கு வீடு தருவார்களா என்று எவ்வளவோ கேட்க வேண்டியிருக்கிறது. முன்பு பள்ளிவாசல் ஹவுளருகே உட்கார்ந்து கேட்டதை இப்போது செல்போனில் கேட்கிறோம்.

நம் சென்னை இதன் நன்மையைக் கண்ணால் கண்ட ஊர். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரையை மீறி ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது. மின்சாரம் இல்லை, பல இடங்களில் போன் இல்லை. அந்த நேரத்தில் மாடியில் மாட்டிக்கொண்டவர்களும், வெளியூரில் இருந்த அவர்களின் பிள்ளைகளும் முகவரியை இணையத்தில் போட்டு, முகம் தெரியாதவர்களிடம் படகு கேட்டார்கள். எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் அந்த விவரங்களைப் பட்டியல் போட்டு, போன் செய்து சரிபார்த்து, மீட்புக்குப் போகிறவர்களிடம் சேர்த்தார்கள். பள்ளிவாசல்கள் மத வேறுபாடு பார்க்காமல் எல்லோருக்கும் கதவைத் திறந்தன. நம் இளைஞர்கள் கழுத்தளவு தண்ணீரில் சோறு சுமந்தார்கள். அல்லாஹ் அவர்களின் அமல்களை ஏற்றுக்கொள்வானாக.

ஆனால் அதே நாட்களில் அதே செல்போனில் வேறு சிலவும் வந்தன. சென்னையில் 250 செ.மீ. மழை பெய்யப்போகிறது என்று அமெரிக்காவின் நாசா சொல்லிவிட்டதாக ஒரு செய்தி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து வெள்ளத்தில் வருகின்றன என்று இன்னொரு செய்தி. நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை. முதலைகள் எதுவும் தப்பிக்கவில்லை என்று பண்ணையே அறிவிக்க வேண்டி வந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு கர்ப்பிணியைத் தூக்கி வர வேண்டிய ஓர் இளைஞன், முதலைச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் தயங்கியிருந்தால்? அனுப்பியவருக்கு அது தமாஷாக இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜான் அவர்களை அந்த வெள்ளத்தில்தான் சென்னை மக்கள் பெருமளவில் அறிந்துகொண்டார்கள். அவர் அரசு வானிலை அதிகாரி கிடையாது. வியாழக்கிழமை எங்கள் வீட்டுக் கல்யாணம், மழை வருமா என்று முகம் தெரியாத மக்கள் அவரிடம் கேட்கிறார்கள். அவரும் பதில் சொல்கிறார். பீதியூட்டும் செய்தி பரவும்போது, பயப்பட வேண்டாம், இது பொய் என்று எழுதுகிறார். கூடவே, இது என் சொந்தக் கணிப்பு, அதிகாரபூர்வ அறிவிப்புக்கு வானிலை ஆய்வு மையத்தைப் பாருங்கள் என்றும் சொல்வார். தெரிந்ததைச் சொல்வது, தெரிந்ததன் எல்லையையும் சேர்த்துச் சொல்வது. நம்முடைய நூல்கள் நஸீஹத் என்று சொல்வதை ஒரு மாற்று மதச் சகோதரரிடம் பார்க்கிறோம்.

ஏனென்றால் ஆலோசனை கேட்கப்படுகிறவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது நபிமொழி (அபூதாவூத், திர்மிதி). பதில் எழுதுகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும். குழுவில் ஒருவர், "அத்தாவுக்கு சுகர் 300 இருக்கு, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார். ஒருவர் ஒரு கசாயம் சொல்கிறார். இன்னொருவர் இன்சுலினை நிறுத்திவிடுங்கள் என்கிறார். அவர் மருத்துவர் இல்லை. கேட்டவருக்கும் அது தெரியாது.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் வருகிறது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலை உடைந்தது. பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையானது. எனக்குத் தயம்மும் செய்ய அனுமதி இருக்கிறதா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்கு அனுமதி இல்லை என்று சொன்னார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவரைக் கொன்றது அவர்கள்தான் என்றார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேள்விதானே என்று கண்டித்தார்கள். கவனியுங்கள்: கேட்டவரை நபியவர்கள் குறை சொல்லவில்லை. கேட்டது சரி. தெரியாமல் பதில் சொன்னதுதான் ஓர் உயிரை எடுத்தது. பதில் சொன்னவர்கள் கெட்டவர்களும் இல்லை. மார்க்கப் பற்றில்தான் சொன்னார்கள்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32 கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னதாக வரலாற்றில் வருகிறது. நம் குழுக்களில் தலாக் பற்றிக் கேட்டால் பத்து நிமிடத்தில் பன்னிரண்டு ஃபத்வா வந்துவிடுகிறது!

தலாக் என்றதும் இன்னொன்று. கணவன் மனைவிச் சண்டையை நூறு பேர் உள்ள குழுவில் வைத்துத் தீர்வு கேட்காதீர்கள். பிளவு வரும் என்று அஞ்சினால் அவர் குடும்பத்தில் ஒருவர், இவர் குடும்பத்தில் ஒருவர் என்று நடுவர்களை வைக்கச் சொல்கிறது குர்ஆன் (4:35). இரண்டே பேர். ஸ்கிரீன்ஷாட் ஒன்று வெளியே போனால் அந்தக் குடும்பம் சமாதானம் ஆன பிறகும் அது சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் பெயர் சொல்லாமல் ஒரு சகோதரி, கணவர் அடிக்கிறார், என்ன செய்வது என்று எங்காவது எழுதினால், வீட்டு விஷயத்தை ஏன் வெளியே சொல்கிறாய் என்று அவரை விரட்டாதீர்கள். கேட்பதற்கு வேறு யாரும் இல்லாததால்தான் அந்நியரிடம் கேட்கிறார். 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கொடுங்கள். நம்பிக்கையான ஆலிம் ஒருவரின் குடும்பத்துப் பெண்ணோடு பேச வழி செய்யுங்கள்.

அன்பிற்குரியவர்களே! இனி வதந்திக்கு வருவோம்.

2018 மே 9ஆம் தேதி. சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண்மணி ஒருவர், உறவினர்களோடு திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போனார். அத்திமூர் அருகே வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அந்த வாரங்களில், குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்களும் ஆடியோக்களும் வட மாவட்டங்கள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. சந்தேகம் கூட்டமானது, கூட்டம் அவர்களை அடித்தது. அந்தப் பெண்மணி இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். பலர் கைதானார்கள்.

அந்நியரிடம் வழி கேட்டார்கள். நாம் எல்லோரும் செய்வது. குழந்தைக்கு இனிப்புக் கொடுத்தார்கள். நம் தாய்மார்கள் எல்லோரும் செய்வது. அந்த வீடியோவை அனுப்பியவர்களில் யாரும் ஒரு கிழவியைக் கொல்ல நினைத்து அனுப்பியிருக்க மாட்டார்கள். குழந்தைகளைப் பாதுகாக்கத்தான் அனுப்பினோம் என்பார்கள். ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் இதைத்தான் எச்சரிக்கிறது: நம்பகமற்றவர் கொண்டு வரும் செய்தியை விசாரிக்காமல் செயல்பட்டால், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு, செய்ததற்காகப் பிறகு வருந்தி நிற்பீர்கள் என்று. கைதாகிப் போன அந்த ஊர்க்காரர்களின் வருத்தத்தை யோசித்துப் பாருங்கள். அனுப்பியவர்களில் பலருக்கோ, அநேகமாக அனுப்பியதே ஞாபகம் இருக்காது. ஆனால் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஏடு ஒன்று இருக்கிறதே!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவிய சம்பவத்தைப் பற்றி நூர் அத்தியாயம் பேசும்போது ஓர் அற்புதமான சொல்லைப் பயன்படுத்துகிறது. செய்தியை நாம் காதால் வாங்குவோம், வாயால் சொல்வோம். ஆனால் 24:15 வசனம், நீங்கள் அதை உங்கள் நாவுகளால் வாங்கினீர்கள் என்ற கருத்தில் பேசுகிறது. காதுக்கும் நாவுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. யோசனை இல்லை, விசாரணை இல்லை. இன்று அந்த நாவின் இடத்தில் கட்டைவிரல் இருக்கிறது. அதை நீங்கள் சாதாரணமாக நினைக்கிறீர்கள், அல்லாஹ்விடத்தில் அது மிகப் பெரியது என்றும் அதே வசனம் சொல்கிறது.

2020 மார்ச் கடைசியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் விவகாரத்திற்குப் பிறகு, கொரோனாவைப் பரப்புகிறவர்கள் என்று நம் மீது எத்தனை பொய் வீடியோக்கள் பரவின! அந்த வலி நமக்குத் தெரியும். தெரிந்த நாமே பிறருக்கு அதைச் செய்யலாமா? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, வேறு எப்போதோ நடந்தவற்றையும் இதில் சேர்த்திருந்தார்கள். காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் போனது. நம் ஸஃப்பில் நமக்குப் பக்கத்தில் நின்று தொழும் பீகார் சகோதரர்கள் எத்தனை பேர்! டைல்ஸ் ஒட்டுகிறவர், ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர். பயந்து ஊருக்கு மூட்டை கட்டியவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள். ஸலாம் கொடுத்து முடித்ததும் திரும்பி, "பாய், உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பதற்கு நெட் தேவையில்லை.

நம் பக்கத்துப் பொய்யையும் சொல்லிவிடுகிறேன். ரமளான் வருவதை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் தடுக்கப்படும் என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி வருகிறதல்லவா? ஆதாரப்பூர்வமான எந்த ஹதீஸ் நூலிலும் அப்படி ஒன்று இல்லை. நபியவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்வது மற்ற பொய்களைப் போன்றதும் இல்லை. நல்லதைத்தானே அனுப்பினேன் என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அப்படியானால் விசாரிப்பது எப்படி? உமர் (ரலி) அவர்களிடம் கற்றுக்கொள்வோம். புகாரியிலும் முஸ்லிமிலும் விரிவாக வரும் சம்பவம் இது.

உமர் அவர்களும் அன்சாரித் தோழரான பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்து நபி (ஸல்) அவர்களிடம் போய் வந்து, அன்றைய செய்தியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கஸ்ஸான் கூட்டத்தார் படையெடுத்து வரப்போகிறார்கள் என்று மதீனாவில் பேச்சு இருந்த சமயம். ஒரு நாள் இரவு அந்த அன்சாரி கதவைப் பலமாகத் தட்டினார். கஸ்ஸான் வந்துவிட்டார்களா என்று கேட்டார்கள் உமர். அதைவிடப் பெரியது, நபியவர்கள் தம் மனைவியரைத் தலாக் விட்டுவிட்டார்கள் என்றார். சொன்னவர் பொய்யர் இல்லை. நம்பகமான நண்பர், நபித்தோழர். விடிந்ததும் உமர் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் போய்க் கேட்டார்கள். அழுதுகொண்டிருந்த அவர்கள் சொன்ன பதில்: எனக்குத் தெரியாது, மாடி அறையில் தனித்து இருக்கிறார்கள். நபியின் சொந்த மனைவி! தம்மைப் பற்றிய செய்தி! அப்போதும் தெரிந்ததை மட்டும் சொன்னார்கள், தெரியாததைத் தெரியாது என்றார்கள்.

பள்ளிவாசலுக்குப் போனால் மிம்பர் அருகே ஒரு கூட்டம் அழுதுகொண்டிருக்கிறது. அத்தனை பேர் அழுகிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும் என்று உமர் முடிவு செய்யவில்லை. ஆயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள் என்பது ஆதாரம் ஆகாது. மாடி அறைக்குப் போய் அனுமதி கேட்டார்கள், பதில் இல்லை. திரும்ப வந்தார்கள், மறுபடி போனார்கள். கடைசியில் அனுமதி கிடைத்து, நின்றபடியே கேட்டார்கள்: மனைவியரைத் தலாக் விட்டீர்களா? இல்லை என்றார்கள் நபி (ஸல்). அவ்வளவுதான் செய்தி.

நபியவர்கள் மனைவியரை விட்டு ஒரு மாதம் விலகி இருந்தது உண்மை. தலாக் என்பது மக்கள் அதிலிருந்து ஊகித்தது. பெரும்பாலான வதந்திகள் இப்படித்தான். கனமழை உண்மை, நாசா பொய்.

பிறகு உமர் என்ன செய்தார்கள்? முஸ்லிமில் வரும் அறிவிப்பின்படி, பள்ளிவாசல் வாசலில் நின்று உரத்த குரலில், நபியவர்கள் தலாக் விடவில்லை என்று அறிவித்தார்கள். வதந்தி எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்தில் மறுப்பும் ஒலித்தது. பயமோ பாதுகாப்போ பற்றிய செய்தி வந்தால் பரப்பிவிடாமல், தூதரிடமும் பொறுப்பில் உள்ளவர்களிடமும் கொண்டுபோக வேண்டும், ஆராய்ந்தறிபவர்கள் அதன் உண்மையை அறிந்திருப்பார்கள் என்ற 4:83 வசனம் இதையொட்டி இறங்கியது என்றும் அதே அறிவிப்பில் வருகிறது.

நமக்கு மாடி அறை எது? மழை என்றால் வானிலை ஆய்வு மையம். வெள்ளம், தண்ணீர் தேக்கம் என்றால் மாநகராட்சியின் 1913. குழந்தை விஷயம் என்றால் 1098, காவல்துறைக்கு 112. இன்றிரவு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் அந்த எண்ணுக்குப் பேசாதீர்கள்; மின்கட்டண ரசீதைப் பாருங்கள், மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். ஒரு படம் சந்தேகமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய படமாக இருந்தால் பல சமயம் அங்கேயே தெரிந்துவிடும். தமிழில் யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது பலமுறை கைமாறி வந்தது என்று அர்த்தம். போளூரில் நடந்தது போன்ற கொலைகள் நாட்டின் பல பகுதிகளிலும் நடந்த பிறகுதான், 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் கட்டுப்பாடு கொண்டு வந்தது. 2020 ஏப்ரலில், இப்படிப் பலமுறை கைமாறியவற்றை ஒருமுறைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது.

இரத்தம் வேண்டும் என்ற கோரிக்கையை அனுப்புகிறவர்கள் தேதியும் நேரமும் போடுங்கள். கிடைத்ததும், கிடைத்துவிட்டது என்று எழுதுங்கள். தேதி இல்லாத கோரிக்கை வந்தால் முதலில் அந்த எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் கழித்தும் அந்தக் குடும்பத்துக்குப் போன் வந்துகொண்டிருக்கிறது. உண்மையில் இன்று இரத்தம் தேவைப்படுகிறவரை யாரும் நம்புவதில்லை.

ஏற்கெனவே தவறான ஒன்றை அனுப்பிவிட்டீர்கள் என்றால், சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாதீர்கள். பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். எந்தெந்தக் குழுவில் போட்டீர்களோ அந்தந்தக் குழுவில், நேற்று நான் அனுப்பியது தவறு, யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள். அனுப்பியது உங்கள் அத்தாவோ, ஹஜ்ரத்தோ, பெரியவர் ஒருவரோ என்றால் குழுவில் எல்லோர் முன்னாலும் திருத்தி அவமானப்படுத்த வேண்டாம். தனியாகப் போன் செய்து, "அத்தா, அது பழைய வீடியோவாம், நீங்களே எடுத்துடுறேன்னு ஒரு வரி போட்டுடுங்க" என்று சொல்லுங்கள். எழுதத் தெரியாது என்பார்; அஸருக்குப் பிறகு வீட்டுக்குப் போய் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே தட்டச்சு செய்து கொடுங்கள்.